கலிசொச்ச வீடு

சித்தூரில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் எத்தனை அடியில் என்றும் கேட்பதில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வீட்டுக்காரன் முகத்தை உற்றுப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "கலிசொச்சிந்தா?" தெலுங்குக்காரர்கள் கேட்பதை எங்கள் பக்கத்துத் தமிழர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு "கலிசொச்சுதா?" என்கிறார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு உனக்கு நல்லது கூடி வந்ததா, தொழில் ஏறியதா, பிள்ளை வெளிநாடு போனானா என்று அதற்கு அர்த்தம். வந்தது என்றால் சமையலறை எந்த மூலையில் இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். வரவில்லை என்றால் தரை பளிங்காகவே இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு எங்கள் வீடு தேறாது. பதினோரு வருடத்தில் அதன் முன்னறையில் நான் மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடினேன். முதலில் மொபைல் ரிப்பேர். நான் போர்டு மாட்டிய மாதமே மெயின் ரோட்டில் நான்கு கடை வந்தது. அடுத்தது தண்ணீர் கேன். அந்த வருடம் பெய்த மழையில் ஊர் முழுக்கக் கிணறு வழிந்தது. மூன்றாவதாக, எதிரே இருந்த அரசு அலுவலகத்தை நம்பி ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். அலுவலகத்தை ஊரின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பஜாரில் இன்னொருவர் கடையில் உட்கார்ந்து அவர் ஸ்க்ரூடிரைவரால் ஊரார் போனைத் திறந்துகொண்டிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது வேறு கதை, இங்கே சொல்லப்போவதில்லை.

வீட்டை விற்க நினைத்ததற்கு இதெல்லாம் காரணமே அல்ல. என் மனைவி நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் அவளைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். முதல் மூன்று மாதம் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஒருநாள் திரும்பி வரும்போது அசந்து தூங்கி, சித்தூரைத் தாண்டி வேலூரில் போய் இறங்கினாள். அங்கிருந்து போன் போட்டு, "மாமா, நான் தமிழ்நாட்டுல கீறேன்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு திருப்பதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கட்டில் எடுத்துக்கொண்டாள். வார விடுப்பைச் சண்டை போட்டு ஞாயிற்றுக்கிழமையாக வாங்கினாள். சனி சாயங்காலம் வருவாள், ஞாயிறு சாயங்காலம் போவாள். மற்ற ஆறு நாளும் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவள் அங்கே ஹாஸ்டல் சாம்பாரையும் நான் இங்கே என் ரசத்தையும் சாப்பிட்டோம். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு என் மனைவி பக்கத்தில் வேண்டும். போனில் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடையில் ஒரு சின்ன ஃபிளாட் கிடைத்தது. இரண்டு அறை, இரண்டாவது மாடி, சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. அதன் சொந்தக்காரர் பெங்களூருக்குப் போகிறவர். "ஆடி பொறக்கற வரைக்கும் ஒங்களுக்காக வச்சிருப்பேன். அதுக்கப்பறம் கேக்காதீங்க" என்றார். இந்த வீடு போனால்தான் அந்த வீடு. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வீடு பார்க்கக்கூட வர மாட்டார்கள். அப்போது ஆனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்படித்தான் எங்கள் வாழ்க்கையில் புரோக்கர் வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, இரண்டு போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு பொய். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தலையை ஆட்டினார்.

"வூடு நல்லா கீது நைனா. மனுசங்கதான் சரியில்ல."

"இன்னா சரியில்ல?"

"மூணு யாவாரம் மூடிட்டேன்னு மூஞ்சிலயே எழுதிக்கினு நிக்கறே. ஒன்ன பாத்துட்டு இந்த வூட்ட எவன் வாங்குவான்? வூட்டுக்கு பெயிண்ட் வேணாம். ஒங்க ரெண்டு பேருக்கும் அடிக்கணும்."

எங்களுக்கு அடிக்கத் தொடங்கினார். பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டிலிருந்து அவர் பேரன் அமெரிக்காவில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாகப் பட்டம் வாங்கிய படம் இரவல் வந்தது. அவர்களிடம் அதே படம் மூன்று இருந்ததாம். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படும்படி ஆணி அடித்து மாட்டினார். "ஒங்க பையன்" என்றார்.

என் மனைவி படத்தையும் தன் கையையும் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். "இவனுக்கு இருவத்தஞ்சு வயசு இருக்கும். எனக்கு முப்பத்தெட்டு. இன்னா அண்ணா, என்ன பதிமூணு வயசுல பெத்துக்க சொல்றியா?"

புரோக்கர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ ஒன் தம்பி" என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு மச்சான் பிறந்தான்.

பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் பத்து அரிசி மூட்டை அடுக்கினார். வீடு நிறைந்திருக்க வேண்டுமாம். மேலே இரண்டில்தான் அரிசி, கீழே எல்லாம் உமி. பீரோவில் அவருடைய சம்சாரத்தின் பட்டுப் புடவைகள் வந்து உட்கார்ந்தன. வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவருக்குத் தெரிந்த டாக்ஸி டிரைவருடையது, ஞாயிறு காலை மட்டும் நம்முடையது. அதன் மஞ்சள் நம்பர் பலகை மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டு மறைத்தோம். எல்லாவற்றுக்கும் மேல் பால். பார்ட்டி வாசலில் கால் வைக்கும் நொடியில் அடுப்பில் பால் பொங்கி வழிய வேண்டும் என்றார். அதைவிட நல்ல சகுனம் இல்லையாம். தெருமுனை வேப்ப மரம் வந்ததும் அவர் மிஸ்டு கால் கொடுப்பார், இவள் அடுப்பைப் பெரிதாக எரியவிட வேண்டும்.

இன்னொன்றும் கொண்டு வந்தார். மூன்று சக்கரச் சின்ன சைக்கிள், சிவப்பு நிறம். அதை கேட் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார். என் மனைவி போய் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மத்ததெல்லாம் வை அண்ணா. இது மட்டும் வேணாம்." அவரும் அதற்கு மேல் பேசவில்லை, வண்டியில் கட்டிக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. நான் வாங்க வருகிற பெரியவராக நடித்து மீசையைத் தடவிக்கொண்டு "கலிசொச்சுதாம்மா?" என்பேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அய்யோ, கொஞ்சமாவா கலிசொச்சது! பணத்த வைக்க எடம் இல்லாம விக்கறோம்" என்பாள். இருவரும் உமி மூட்டை மேல் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரிப்போம். வாரத்தில் ஒரே நாள்தான் நாங்கள் சேர்ந்திருப்பது, அதையும் இப்படிச் சிரித்தே தீர்த்தோம். திருமணமான புதிதில்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

முதல் ஞாயிறு வந்தவர்கள் திருமலையிலிருந்து நேராக வந்தார்கள். ஐந்து பேர், ஐந்து மொட்டை, ஐந்திலும் சந்தனம். மிஸ்டு கால் வந்தது, அடுப்பு எரிந்தது. ஆனால் அவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று வீடு எந்தத் திசை பார்க்கிறது என்று வாதம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே பால் பொங்கியது. அவள் அணைத்தாள். அவர்கள் நகர்வது போல் தெரிந்தது, பற்றவைத்தாள். அவர்கள் பின்பக்கம் பார்க்கப் போனார்கள், அணைத்தாள். ஒருவழியாக உள்ளே வந்தபோது பால் மூன்று முறை பொங்கி முடிந்து அடிப்பிடித்த வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. மொட்டைகளில் மூத்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"யாரு?"

"மச்சான்" என்றேன்.

"எந்த ஊர்ல கீறாரு?"

"டெக்சாஸ்" என்றேன் நான். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து, "சிட்னி!" என்றாள் அவள்.

"ரெண்டு ஊருக்கும் போய்க்கினு வந்துக்கினு இருப்பாரு" என்றார் புரோக்கர்.

"இன்னா வேல?"

"கம்ப்யூட்டர்" என்றேன். "டாக்டரு" என்றாள். மூத்தவர் எழுந்துவிட்டார். போகும்போது எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, பையிலிருந்து ஒரு லட்டு எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஞாயிறு ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், தனி ஆளாக. இந்த முறை பால் சரியாகப் பொங்கியது. மச்சானுக்கு ஊரும் வேலையும் முன்பே முடிவு செய்துவைத்திருந்தோம். வாத்தியாருக்கு வீடு பிடித்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து, "கலிசொச்சுதா?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாகக் காரைக் காட்டி, "அதுவே இந்த வூடு குடுத்ததுதான் சார்" என்று சொல்லி வாய் மூடவில்லை, கார் கிளம்பியது. டாக்ஸிக்காரனுக்கு ஏர்போர்ட் சவாரி வந்துவிட்டதாம். எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல், துண்டைக்கூட எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

"சார்! ஒங்க கார யாரோ எடுத்துக்கினு போறான்!" என்று கத்திக்கொண்டு வாத்தியார் வெறுங்காலோடு தெருவில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "போவட்டும் சார், விடுங்க சார்" என்றேன். சொந்தக் கார் திருடு போகும்போது எந்த மனிதன் அப்படிச் சொல்வான்? வேப்ப மரத்தருகே நின்று மூச்சு வாங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல வாத்தியார், பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். செருப்பை எடுக்க மட்டும்தான் திரும்பி வந்தார்.

மூன்றாவது ஞாயிறு வந்தபோது ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. திருப்பதி ஃபிளாட்காரர் போன் செய்து வேறு ஒருவர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்று காலை நானும் அவளும் ஒத்திகை பார்க்கவில்லை. அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுவும் போச்சுன்னா இன்னா மாமா பண்றது?" என்றாள். இன்னும் எத்தனை வருடம் சொம்பில் சாய்த்த போனோடு சாப்பிடுவது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும், விஜயபுரம் பக்கத்துக் கிராமம். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் என்று புரோக்கர் அறிமுகம் செய்தார். மீசைக்கு மை, கையில் பெரிய கடிகாரம். அந்த அம்மா நூல் புடவையில் அமைதியாக இருந்தார். எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. படத்தின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

குவைத்காரர் தண்ணீர் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "வூடு கலிசொச்சுதாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து சமையலறையில், அவர்கள் வாசலில் கால் வைத்தபோதே பொங்கியிருக்க வேண்டிய பால் புஸ்ஸென்று பொங்கி அடுப்பு அணைகிற சத்தமும், பின்னாலேயே என் மனைவி சிரிக்கிற சத்தமும் கேட்டன. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. மூன்று வாரமாகப் பழகிய சிரிப்பாயிற்றே, எனக்கும் தொற்றிக்கொண்டது. எதிரே வீடு வாங்க வந்த மனிதர் உட்கார்ந்திருக்க, நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறேன். புரோக்கர் என் காலை மிதித்தார். அதில் இன்னும் அதிகமானது.

அந்த அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். என் மனைவி தரையில் குந்தி உட்கார்ந்து பாலைத் துடைத்தபடி கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அக்கா" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு, "கூடத்துல மாட்டி கீதே ஒரு படம், அந்தப் பையன் யாருன்னே எங்களுக்குத் தெரியாது அக்கா."

அவ்வளவுதான். அதன் பின் நிறுத்த முடியவில்லை. அரிசி மூட்டையில் உமி என்றாள். பீரோப் புடவை இந்த அண்ணன் சம்சாரத்துடையது என்றாள். மூன்று தொழில் தொடங்கி மூன்றும் மூடியதை நானே போய்ச் சொன்னேன், தண்ணீர் கேனும் மழையும் உட்பட. பதினோரு வருடத்தில் இந்த வீட்டில் எதுவும் கூடி வரவில்லை என்று சொல்லி முடித்தபோது எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. புரோக்கர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அந்த உமி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

குவைத்காரர் முகம் இறுகிப்போயிற்று. "அதான் விக்கறீங்களா? வூட்ல எதாச்சும் தோசமா?"

"இல்ல அண்ணா" என்றேன். "இவ திருப்பதியில கீறா, நான் இங்க கீறேன். வாரத்துக்கு ஒரு நாளுதான் பாத்துக்கறோம். எனக்கு இவகூட இருக்கணும். வேற காரணம் இல்ல."

அவர் எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தார். அந்த அம்மாதான் பேசினார். பேச்சு என் மனைவியிடம், பார்வை அவர் மேல்.

"எங்க வூடு ரொம்ப நல்லா கலிசொச்ச வூடும்மா. கட்டி குடிபோன வருசமே இவருக்கு விசா வந்துச்சு. நெலம் வாங்கனோம். போர் போட்டோம். பையன ஹாஸ்டல்ல வுட்டு இஞ்சினீராக்கனோம். ஊரே வந்து பாத்துட்டு கண்ணு வச்சிச்சு. இருவத்திரெண்டு வருசம் அந்த வூட்ல நான் ஒண்டியா துன்னேன்."

குவைத்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பார்ப்பதற்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று அவளிடம் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் எங்க ஒக்காந்து துன்னுவீங்க?"

அவள் இடத்தைக் காட்டினாள். அடுப்பு மேடைக்குக் கீழே, பின்கதவுக்குப் பக்கத்தில், ஒருவர் முழங்கால் இன்னொருவரை இடிக்கிற அளவுக்குத்தான் அங்கே இடம். அந்த அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். தரையில் பால் ஈரம் இன்னும் காயவில்லை, அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"வாய்யா. ஒக்காரு."

"இங்கயா?"

"இங்கதான்."

அவர் வந்தார். சுவரில் ஒரு கையை ஊன்றி, முழங்கால் சொடுக்க, பெரிய உடம்பை மெல்ல இறக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டன. பின்கட்டுக் கொடியில் என் மனைவியின் வெள்ளை யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது, இருவரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். விலை பேச வாய் திறந்த புரோக்கரை நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

உட்கார்ந்தபடியே குவைத்காரர் தலையைத் திருப்பிக் கேட்டார். "எப்ப காலி பண்ணுவீங்க?"

"நாளைக்கே" என்றாள் என் மனைவி.

அன்று சாயங்காலம் வழக்கம் போல் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழக்கம் போல் கையை ஆட்டினாள். டிரைவர் வண்டியை எடுத்தார். நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன், வீட்டுச் செருப்போடு, கையில் ஒன்றுமில்லாமல். அவளை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்து இடம் விட்டாள். கண்டக்டரிடம், "ரெண்டு திருப்பதி" என்றேன்.